கொடியை இறக்கும் தேதியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சிக் கட்டடங்களில் பாலினச் சிறுபான்மையினரின் வானவில் கொடி, விழிப்புணர்வுக் கொடி போன்றவற்றை ஏற்றலாமா என்ற தலையங்கத்தைப் படித்தேன். 'அரசுக் கொடிகள் மட்டும் போதும்' என்று முடித்திருந்தீர்கள். அதில் பாதிதான் எனக்குச் சம்மதம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னால் 83 அடி உயரத்தில் மூன்று கம்பங்கள். ஒன்றில் தேசியக் கொடி, அடுத்ததில் மாநிலக் கொடி, மூன்றாவதில் நகரத்தின் கொடி. முன்பெல்லாம் யாராவது அங்கே விழா நடத்தக் கேட்டால், நகரக் கொடியை இறக்கிவிட்டு அவர்கள் கொடியை ஏற்ற விடுவார்கள். 2005 முதல் 2017 வரை சுமார் 50 விதமான கொடிகள் 284 முறை ஏறின. ஒரு விண்ணப்பம்கூடத் திருப்பி அனுப்பப்படவில்லை. விண்ணப்பங்களைக் கவனித்த அலுவலர், 'கொடியைக் காட்டுங்கள்' என்றுகூட ஒருவரிடமும் கேட்டதில்லை.

2017இல் ஓர் அமைப்பு கிறிஸ்தவக் கொடி ஏற்ற வேண்டும் என்று வந்தது. அரசே ஒரு மதத்தைத் தூக்கிப்பிடிப்பதாக ஆகிவிடுமோ என்று பயந்து, அன்றுதான் முதல்முறையாக முடியாது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் ஒன்பது நீதிபதிகளும் நகரம் செய்தது தவறு என்றே முடிவு செய்தார்கள். இத்தனை வருஷம் எதையும் பார்க்காமல் எல்லாரையும் ஏற்ற விட்டுவிட்டு, இப்போது வந்து அந்தக் கம்பத்தில் பறப்பது எங்கள் குரல் என்று நகரம் சொன்னால் எப்படி? எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்கு மட்டும் நகரம் 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது.

இதைக் காட்டித்தான் 'எதற்கு இந்த வம்பு' என்கிறார்கள். ஆனால் எதை ஏற்றுவோம், எதை ஏற்ற மாட்டோம் என்று முன்கூட்டியே நகரமே விதி வகுத்துக்கொள்ள அந்தத் தீர்ப்பில் தடை எதுவும் இல்லை. பாஸ்டன் மாட்டிக்கொண்டது கொடி ஏற்றியதால் அல்ல, யோசிக்காமல் ஏற்றியதால்.

சரி, அரசுக் கொடிகள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் சண்டை தீருமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாம்ட்ராம்க் நகரம் 2023 ஜூனில் நடுநிலை என்று சொல்லி அப்படி ஒரு தீர்மானம் போட்டது. அனுமதித்த கொடிகளில், போர்க்கைதிகளையும் காணாமல் போன வீரர்களையும் நினைவுகூரும் கொடியும் ஒன்று. அவர்களை நினைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் அதுவும் ஒரு நோக்கத்துக்கான கொடிதானே. யூட்டா மாநிலம் 2025இல் சட்டமே கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களில் இப்படிப்பட்ட கொடிகளைத் தடுத்தது. அதன் தலைநகரான சால்ட் லேக் சிட்டியின் மன்றம் என்ன செய்தது தெரியுமா? வானவில் கொடி உட்பட மூன்று கொடிகளில் நகரத்தின் சின்னமான லில்லிப் பூவைச் சேர்த்து, 'இவையும் எங்கள் நகரக் கொடிகள்' என்று தீர்மானம் போட்டுவிட்டது. படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆகவே என் கருத்து இதுதான்: ஏற்றலாம், ஆனால் மேயர் அறையில் யாரோ வந்து கேட்டார்கள் என்பதற்காக ஏற்றக் கூடாது. மன்றக் கூட்டத்தில் வைத்து, எந்தக் கவுன்சிலர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று பதிவாகும்படி முடிவெடுக்க வேண்டும். அப்போதுதான் அது ஊரின் சார்பில் சொன்ன வார்த்தை ஆகும்; பிடிக்காதவர்கள் தேர்தலில் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதும் என் எண்ணம். வாரம் ஒரு கொடி மாற்றினால் யாரும் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, தலையங்கம் தொடாத விஷயம். ஏற்றும்போது கைதட்டல், தலைவலி எல்லாம் இறக்கும்போதுதான். வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டின் மாநகராட்சியில் 1906 முதல் தினமும் பிரிட்டிஷ் கொடி பறந்தது. 2012 டிசம்பர் 3 அன்று, குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் ஏற்றினால் போதும் என்று 29க்கு 21 என்ற வாக்கில் முடிவெடுத்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் மறியல், கலவரம். நூற்றுக்கும் அதிகமான காவலர்களுக்குக் காயம். இத்தனைக்கும் அது அரசுக் கொடிதான்!

அதனால் தீர்மானத்திலேயே இறக்கும் தேதியையும் எழுதிவிடச் சொல்லுங்கள். தேதி இல்லாத கொடி வெயிலில் வெளுத்து, நுனி கிழிந்து, கயிற்றில் சுற்றிக்கொண்டு தொங்கும். அதை அவிழ்க்கப் போகும் ஊழியரிடம் 'யார் சொல்லி இறக்குகிறாய்?' என்று கேட்க நான்கு பேர் வருவார்கள். அவர் எடுத்துக் காட்ட கையில் ஒரு தாளாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்