ஊட்னடாட்டா பாதையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

மரீயிலிருந்து மார்லா வரை, அந்தச் செம்மண் புழுதியில் தங்கும் வசதியுள்ள டிரெய்லரை இழுத்துவந்த எங்கள் கேம்பர் வண்டிகளுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்த 620 கி.மீ. மண்பாதையில் டீசல் கிடைப்பது மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய ஊர்களில். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ஏறத்தாழ 200 கி.மீ. இடைவழியில் வண்டி நின்றுவிட்டால் அந்தப் பக்கம் வருகிறவர்தான் மெக்கானிக். உங்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால் நீங்கள் செய்ததையும் சொல்லித் தந்ததையும் இங்கே எழுதிவைக்கிறோம். இனி அந்த வழியே போகிறவர்களுக்கும் அது போய்ச் சேரட்டும்.

முதல் நன்றி டயர் பார்த்துக் கொடுத்தவர்களுக்கு. தார்ச்சாலைக்கு வைத்த 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு, பாலைநிலத்தில் பரவிக் கிடக்கும் கிப்பர் கற்கள் மேல் ஏறினால் டயர் வளைந்து கொடுக்காது, கல் உள்ளே இறங்கிவிடும். 28 அளவுக்குக் குறைத்தால் ரப்பர் கல்லைத் தழுவிக்கொண்டு போகும். ஆனால் காற்றைக் குறைத்தவர் வேகத்தையும் மணிக்கு 80 கி.மீ.க்குக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். நீங்கள் சொன்ன சோதனையை இப்போது எல்லாரிடமும் சொல்கிறோம்: குளிர்ந்த டயரில் அளந்துகொண்டு, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளக்க வேண்டும். கனரக டயரில் 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

பஞ்சர் ஒட்டக் கற்றுக் கொடுத்ததற்குத் தனி நன்றி. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, குத்தியதைக் குறடால் அது நுழைந்த கோணத்திலேயே இழுக்க வேண்டும். துளையை அரத்தூசியால் நாலைந்து முறை குடைந்து, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகும் ஊசியில் கோத்து, இரண்டு செ.மீ. வெளியே நிற்கும்வரை உள்ளே தள்ளி, ஊசியை வெடுக்கென்று உருவ வேண்டும். பிறகு மிச்சத்தை நறுக்கிவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர். ஓட்டை பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று திரிகள் சேர்ந்தே போகும். பக்கச்சுவரில் கிழிந்திருந்தால் திரியை நம்பக் கூடாது, ஸ்டெப்னிதான். ஜாக்கி மண்ணில் புதையாமல் அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை தந்தவருக்கும், சக்கர நட்டுகளை 50 கி.மீ. தாண்டியதும் மீண்டும் இறுக்கச் சொன்னவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மாட்டுப்பண்ணைப் பட்டறைக்காரர்களே, டிரெய்லரின் பேரிங் பற்றி உங்களைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. நிற்கும் இடமெல்லாம் சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அதை அப்போதே கழற்ற வேண்டும். இந்த நாட்டு டிரெய்லர்களில் இரண்டு பேரிங் வகைகள் பரவலாக உண்டு: ஹோல்டன் வகை (எல்எம் 67048, எல்எம் 11949), ஃபோர்டு வகை (எல் 68149, எல்எம் 12749). கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. புறப்படும் முன்பே எண்ணைப் பார்த்து ஒரு முழுச் செட், சீல், கிரீஸ், நட்டு கழலாமல் பிடிக்கும் புது ஸ்பிளிட் பின் எல்லாம் எடுத்துவர வேண்டும். உருளையை மட்டும் மாற்றிவிட்டுக் குடத்துக்குள் இருக்கும் பழைய வளையத்தை விட்டுவைத்தால் புதியதும் சீக்கிரமே தேய்ந்துவிடும். கிரீஸ் உருளைகளின் மறுபக்கம் பிதுங்கும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும். குடத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்திப் பின்னைப் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னது எங்கள் சக்கரங்களைக் காப்பாற்றிய சொல்.

ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றதன் காரணத்தை வயரில் கண்டுபிடித்த எலக்ட்ரீஷியனுக்கு நன்றி. கடையில் 6 மி.மீ. என்று விற்கும் வயரில் அந்த அளவு உறையையும் சேர்த்தது. உள்ளே செம்பு 4.6 சதுர மி.மீ. தான். முன்பக்க பேட்டரியிலிருந்து டிரெய்லர்வரை அவ்வளவு நீளத்தில் மின்னழுத்தம் குறைந்துபோக, பேட்டரி தீர்ந்ததாக எண்ணி ஃபிரிட்ஜ் தானே அணைந்துவிடுகிறது. அதைவிடத் தடித்த 8 பி அண்ட் எஸ் அளவு வயரும், குலுங்கினாலும் கழலாத ஆண்டர்சன் பிளக்கும் போட்டதும் தொல்லை தீர்ந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைபோல அலையலையாகக் கிடக்கும் பாதையில் தண்ணீர்க் குழாய் இணைப்புகள் தளரும். ஓடும்போது பம்பை அணைத்து வையுங்கள், குடிநீரில் 20 லிட்டரையாவது தனிக் கேனில் வையுங்கள் என்ற முகாம் நண்பர்களுக்கும் நன்றி. 1980இல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில் பாதையின் மண்மேட்டில் இன்னும் ஆணிகள் கிடக்கின்றன, வண்டியை அங்கே ஏற்றாதீர்கள் என்று கைகாட்டித் திருப்பியவர்களுக்கும்.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் ரோட் டிரெயின் லாரிகளின் ஓட்டுநர்களே, 53.5 மீட்டர் நீள வண்டியின் பின்னால் வருகிறவருக்கு முன்னே இருப்பது எதுவும் தெரியாது. யுஎச்எஃப் ரேடியோவின் 40ஆம் சேனலில் முந்தலாமா என்று கேட்டதும் வழி இருக்கிறது, இல்லை என்று பொறுமையாகப் பதில் தந்தீர்கள். மண்பாதையில் எதிரே பெரிய வண்டி வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நின்று, புழுதி முழுதும் அடங்கிய பிறகே நகர வேண்டும், ஏனென்றால் அந்தப் புழுதிக்குள் இரண்டாவது வண்டி வரலாம் என்றும் சொன்னீர்கள். மழைக்குப் பிறகு பாதையைச் சீர்செய்யும் கிரேடர் ஓட்டுநர்களுக்கு எங்கள் வணக்கம். போக்குவரத்துக்கு மூடிய பாதையில் ஒரே ஒரு வண்டி போனாலும் அந்தச் சேற்றுத் தடம் காய்ந்து இறுகி, உங்களுக்குத்தான் வேலையைக் கூட்டுகிறது.

கடைசியாக, ஓரமாக நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, எல்லாம் சரிதானா என்று கேட்டுவிட்டுப் போன முகம் தெரியாதவர்களே, உங்களுக்கு. தேநீருக்காக மட்டும் நிற்கிறவர்கள் பானெட்டை மூடிவைத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும். நீங்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம்.