ஏரி மீன் நிலவரம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

நண்பர்களே, ஏரியில் நீர்மட்டம் இறங்கிவிட்டது, வெயிலும் கடுமை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் பாசியும் அதையே உறிஞ்சுவதால் விடியற்காலையில் தட்டுப்பாடு உச்சம். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சுக்காகவே, பசியால் அல்ல. அந்த நேரத்தில் தயவுசெய்து தூண்டில் போடாதீர்கள். மாலையில், காற்று மோதும் கரையில் போடலாம்.

ஜிலேபி மீன்கள் பெருகிவிட்டன. இரை போதாமல் எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நிற்கின்றன. தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். அவற்றின் குஞ்சுகளைத் தின்னும் விரால் சிக்கினால் மட்டும் விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள்; உலர்ந்த கை பட்டால் உடலின் வழவழப்பு உரிந்து நோய் தொற்றும்.