பொறி பறக்கிற படம் மட்டும் போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தொழிற்பயிற்சி பத்தி எப்ப செய்தி வந்தாலும் ஒரே படம்தான் போடுறீங்க, முகத்துல ஷீல்டு மாட்டிக்கிட்டு ஒரு பையன் வெல்டிங் அடிப்பான், சுத்தி பொறி பறக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா அவன் முடிச்சு வச்ச ஜாப்பை எடுத்து ரெண்டு நாள் உக்காந்து தேய்க்கிறானே இன்னொரு அப்ரண்டிஸ், மூக்கு வாயெல்லாம் கறுப்பு தூசியா, அவன் படத்த நான் இதுவரைக்கும் எந்த பேப்பர்லயும் பாத்ததில்ல. 18 வருஷம் ஃபேப்ரிகேஷன்ல (வெட்டி, வெல்டு பண்ணி ஜாப் செய்யிற வேலை) இருந்துட்டு இப்ப ஃபினிஷிங் (அத தேய்ச்சு, பாலிஷ், கோட்டிங் போட்டு முடிக்கிறது) பாத்துக்கிறவன் நான், அதான் இந்த கடுப்பு.

விஷயம் என்னன்னா, பயிற்சியிலயே இந்த ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கோம். வெல்டிங்ல கை வரலையா, போய் தேய்டா, இப்படித்தான் பல பட்டறைல ஃபினிஷிங்குக்கு ஆள் அனுப்புறாங்க, ஏதோ தண்டனை மாதிரி. நல்லா வெல்டு பண்றவனோ கடைசி வரைக்கும் தன் ஜாப் எப்படி முடியுதுன்னே பாக்கமாட்டான்.

எங்க கிட்ட நடந்ததையே சொல்றேன். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹேண்ட்ரெயில் ஒண்ணு, வெல்டு அவ்ளோ நீட்டா இருந்துச்சு, மாட்டி மூணு வாரத்துல அங்கங்க டீக்கறை மாதிரி துரு. பார்ட்டி கத்துறாரு, பைப்பே டூப்ளிகேட்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க, அப்புறம் தோண்டிப் பாத்தா அப்ரண்டிஸ் பையன் பக்கத்து எம்.எஸ். (சாதா இரும்பு) பெஞ்ச்ல கிடந்த ஒயர் பிரஷ்ஷால வெல்டை சுத்தம் பண்ணியிருக்கான். அவன் மேல தப்பில்ல, யாரும் சொல்லிக்குடுக்கல, நானும்தான் சொல்லல. ஸ்டெயின்லெஸ்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், அதுதான் மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமா நின்னு காப்பாத்துது. அதுமேல சாதா இரும்புத் துகள் ஒட்டுனா அந்த துகள் முதல்ல துருப்பிடிச்சு கறையாகும், விட்டா அடியில இருக்கிற படலத்தையும் அரிக்கும். வெல்டு ஓரத்துல வர்ற நீலம், பழுப்பு கலரும் அப்படித்தான், அழகா இருக்குன்னு விடக்கூடாது, எடுக்கணும். எடுக்க பிக்லிங் பேஸ்ட்னு ஒரு ஆசிட் பசை போடுவாங்க, அதுல பெரும்பாலும் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும், தோல்ல பட்டா உடனே எரியாமக்கூட இருக்கும், உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போயிடும். அந்த ஆசிட் பட்டா உடனே தடவுற கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டுற தூரத்துல இல்லாம அந்த டப்பாவையே திறக்கக்கூடாது, ஆனா அப்படி ஒரு ஜெல் இருக்குன்னு தெரிஞ்ச அப்ரண்டிஸ் எத்தனை பேரு?

பாலிஷும் சும்மா தேய்க்கிற வேலை இல்லீங்க. தேய்க்கிற தாளோட கிரிட் (சொரசொரப்பு நம்பர், கூடக்கூட நைசு) 80, 120, 180, 240, 320ன்னு படிப்படியா போகணும், ஒவ்வொரு கிரிட்டுக்கும் திசைய குறுக்க மாத்தி முந்தின கோடு முழுசா மறையிற வரைக்கும் தேய்க்கணும். பசங்க அவசரத்துல 80ல இருந்து 240க்கு தாவிடுவாங்க, அப்புறம் பஃப் (துணிச் சக்கரத்துல மெருகு) போடப் போட பழைய கீறல் இன்னும் பளிச்சுன்னு தெரியும், திரும்ப மொதல்ல இருந்து.

அதே மாதிரி ஃபேப்ரிகேஷன் பையனுக்கும் ஃபினிஷிங் தெரிஞ்சே ஆகணும். கூரா இருக்கிற ஓரத்துல பெயிண்ட் நிக்காது, 2 மி.மீ. அளவுக்காவது உருட்டி விடணும், அத வெட்டுறவன்தான் செய்யணும். நாலு பக்கமும் அடைச்ச பைப்பை கால்வனைசிங்குக்கு (துத்தநாகப் பூச்சு) அனுப்பினா சுமார் 450 டிகிரி துத்தநாகத்துல முங்கும்போது உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி ஜாப்பே வெடிக்கும், தொட்டிகிட்ட நிக்கிறவன் மேல தெறிக்கும், அதுக்கு ஓட்டை போட வேண்டியது வெல்டு பண்றவன் வேலை. பவுடர் கோட்டிங்கும் (பெயிண்ட் பொடிய ஓவன் சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கிறது) அப்படித்தான், ஓவன் மீட்டர் 200 டிகிரி காட்டுனா போதும்னு நினைக்கிறாங்க, இரும்பு அந்த சூட்டுக்கு வந்தப்புறம்தான் நிமிஷத்தையே எண்ணணும், தடி பிளேட்டுன்னா அதுக்கே நேரம் பிடிக்கும்.

கிரைண்டர் வீலை மூடுற காப்புத் தகட்ட கழட்டிட்டு 4 இன்ச் மிஷின்ல 7 இன்ச் வீல் மாட்டுற கூத்த பத்தி தனியா ஒரு லெட்டரே எழுதலாம். மிஷின் 11,000 ஆர்.பி.எம். சுத்தும், வீல் சுமார் 8,500க்கு மேல தாங்காது, அம்புட்டுதான்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. முதல் ஆறு மாசமாவது, எவன் வெல்டு பண்றானோ அவனே அத கிரைண்ட் பண்ணி, பாலிஷ் போட்டு, கோட்டிங் வரைக்கும் கொண்டுபோகட்டும், மார்க்கும் கோட்டிங் முடிஞ்ச ஜாப்பை பாத்துப் போடட்டும். சொல்லிக்குடுக்கிற மாஸ்டர்களும் கொஞ்ச நாள் பஃபிங் வீல் பக்கம் வந்து நிக்கணும், பாதிப் பேருக்கு அதுல கிளவுஸ் மாட்டிட்டு நின்னா கையை இழுத்துடும்னு கூட ஞாபகம் இருக்கறதில்ல.

அந்த ஹேண்ட்ரெயில் பையன் இப்ப எஸ்.எஸ். பிரஷ் கைப்பிடிக்கெல்லாம் நீல பெயிண்ட் அடிச்சு தனி டப்பால பூட்டி வச்சிருக்கான், நான் கேட்டாக்கூட எதுக்குன்னு கேட்டுட்டுதான் குடுக்கிறான்.

இப்படிக்கு,
ஃபினிஷிங் செக்‌ஷன்ல இருந்து ஒரு வாசகர்