சிறையிலிருந்து விடுதலையாகும் நாளை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிறைகளில் ஓபியாய்டு (ஹெராயின், மார்பின் வகை) போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை மருந்து கொடுப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். செலவு, காவல், சட்டம் என்று விரிவாக அலசிய கட்டுரையாளர், விடுதலையாகும் நாளை ஒரே வரியில் கடந்துவிட்டார். மருந்தாளுநரான எனக்கு அந்த நாள்தான் முக்கியமாகப் படுகிறது.

பல சிறைகளில் உள்ளே போனதும் மருந்தை நிறுத்துகிறார்கள். சில நாள் வாந்தி, பேதி, உடல்வலி, தூக்கமில்லாத இரவுகள். அதைத் தாண்டிவிட்டால் ஆள் தேறிவிட்டான் என்று கணக்கு. உண்மையில் குறைந்துபோனது போதையை உடம்பு தாங்கும் அளவு மட்டும்தான், ஏக்கம் குறைவதில்லை. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முதல் 2 வாரங்களில் இவர்கள் போதை மிகுந்து இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு!

ரோட் ஐலண்ட் மாநிலம் 2016 நடுவில் மெத்தடோன், புப்ரினார்பின், நால்ட்ரெக்சோன் மூன்றையும் சிறைக்குள் கொடுக்கத் தொடங்கியது. முதல் இரண்டும் ஏக்கத்தை அடக்கும் ஓபியாய்டு மருந்துகள்; மூன்றாவது போதை ஏறாமல் தடுப்பது. வெளியே வந்தபின் தொடரவும் வழி செய்தது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் போதை மிகுந்து இறந்தவர்களில் அண்மையில் விடுதலையானவர்கள் 26 பேர். மறு ஆண்டு அதே காலத்தில் 9 பேர். சிறிய மாநிலம், சிறிய எண்கள்தான். ஆனால் அந்த 17 பேர் வித்தியாசம் எனக்குச் சிறியதாகத் தெரியவில்லை.

மெத்தடோனும் ஓபியாய்டுதானே, "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் மற்றவர்களுக்கு மறுத்த பல சிறைகள், கர்ப்பிணிகளுக்கு மட்டும் மெத்தடோன் கொடுத்து வந்தன. திடீரென நிறுத்தினால் கருவுக்கு ஆபத்து என்பதால். பிரசவமானதும் நிறுத்திவிடுவார்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்வரை மருந்து, பிறந்ததும் அதுவே போதைப்பொருளா?

கைதிகள் மாத்திரையை நாக்கடியில் ஒளித்து விற்கிறார்கள் என்ற புகாரில் உண்மை இருக்கிறது. அதற்கு, மாதம் ஒருமுறை போடும் புப்ரினார்பின் ஊசி 2017 முதல் அங்கே அனுமதியில் உள்ளது. விலை அதிகம். சிறையில் இருப்பவருக்கு மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பொதுவாகச் செல்லாது என்பதால் அந்தச் சுமை சிறையை நடத்தும் கவுண்டியின் (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) தலையில் விழுகிறது. சிறைகளின் தயக்கத்துக்கு உண்மையான காரணம் இதுதான் என்பது என் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை இரவு ஒருவரை வெளியே விட்டு, திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகச் சொன்னால் இடையில் இரண்டு நாள் இருக்கிறதே. அந்த நாட்களுக்கான மருந்தையும் போதை மிகுந்தால் உயிர் காக்கும் ஒரு நலாக்சோன் ஸ்பிரேயையும் கையில் கொடுத்து அனுப்புகிற சிறைகள் எத்தனை? அடுத்த இதழில் உங்கள் கட்டுரையாளர் இதை விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்