போகொட மரப்பாலத்துக்கு ஏன் இத்தனை பராமரிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் விகாரமகாதேவி பூங்காவில் காலை நடைக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் ஒதுங்கி நின்ற எங்கள் ஐந்து பேரின் பேச்சு எப்படியோ போகொட மரப்பாலத்துக்குப் போனது. “பழைய பலகைப் பாலம்தானே? பக்கத்தில் ஒரு கொங்கிறீட் பாலம் போட்டால் முடிந்தது. அதற்கு ஏன் இத்தனை பராமரிப்பு?” என்று கேட்டார் நண்பர் ஒருவர். நான் வாய் திறப்பதற்குள் மழை விட்டு எல்லோரும் கலைந்துவிட்டோம். அவருக்குச் சொல்ல இருந்ததைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லிவிடுகிறேன்.

பதுளை மாவட்டத்தில், ஹாலிஎலவிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, கல்லந்த ஓயாவின் மேல் நிற்கிறது அந்தப் பாலம். நீளம் சுமார் 15 மீற்றர். அகலம் 2 மீற்றருக்கும் குறைவு. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய பாதை அதன் வழியேதான் போனது. கரையில் போகொட விகாரை. படிகளில் இறங்கி முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ ஒரு வீட்டின் விறாந்தையை மட்டும் தூக்கிவந்து ஆற்றின் மேல் வைத்ததுபோல் இருந்தது எனக்கு.

நான் நாற்பது வருடம் படவரைஞராக வேலை செய்தவன். எங்கே போனாலும் என் கண் முதலில் பொருத்துகளைத்தான் தேடும். போகொடவில் கைப்பிடிக் கம்பொன்றை வருடிக்கொண்டே போனேன். அது தூணில் சேரும் இடத்தில் விரல்நுனி அளவில் ஒரு முளை தட்டுப்பட்டது. மரமுளை! இந்தப் பாலத்துக்கு ஆணியும் மரம்தான். ஈரம் பட்டால் இரும்பு துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அரித்துவிடும். மரமுளையோ தான் பிடித்திருக்கும் மரத்தோடு சேர்ந்து ஊறும், சேர்ந்து சுருங்கும். பலா, மருது, கருங்காலி என்று இடத்துக்கேற்ற மரம் போட்டிருக்கிறார்கள். அதைச் செய்த தச்சர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கூரையை அலங்காரம் என்று நினைப்பவர்கள் பலர். மரப்பாலத்தில் முதலில் உளுத்துப்போவது இரண்டு கட்டைகள் சேரும் இடுக்கு. அங்கே தேங்கிய மழைநீர் காய வழியே இல்லை. மலைநாட்டு மழையில் திறந்து கிடக்கும் மரப்பாலத்துக்கு ஆயுள் சில பத்தாண்டுகள்தான். கண்டி இராச்சியத்துப் பாணியில் வேய்ந்த அந்த ஓட்டுக்கூரைதான் நூற்றாண்டுகளாக அதைக் காப்பாற்றி வருகிறது. ஓர் ஓடு நழுவியதும் மாற்றிவிட்டால் செலவு ஓர் ஓடுதான். இரண்டு மழைக்காலம் பார்க்காமல் விட்டால் வளை போகும், பிறகு தூண் போகும். நண்பர் கேட்ட பராமரிப்பு இதுதான்.

நான் அங்கே நின்றபோது வயதான அம்மா ஒருவர் பூக்கூடையோடு விகாரைக்குப் போக வந்தார். பாலத்தின் நடுவில் கூடையை இறக்கி வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். வெயில் அவர் மேல் படவில்லை. எனக்கு உடனே பருத்தித்துறைத் தெருமூடிமடம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் தெருவுக்கே கூரை போட்டார்கள். நடுவே வண்டி போகும், இருபுறமும் திண்ணை. சிறுவனாக அம்மம்மாவுடன் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது அந்தத் திண்ணைக் கல்லின் குளிர்ச்சியில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறேன். வழிப்போக்கர் தங்கும் இடத்தைச் சிங்களத்தில் அம்பலம என்பார்கள்; நம் அம்பலத்தோடு உறவுடைய சொல். போகொடவில் கூரை போட்டவரும் பருத்தித்துறையில் கூரை போட்டவரும் முன்பின் தெரியாதவர்களின் களைப்பை எண்ணிப் பார்த்தவர்கள். ஆற்றைக் கடக்க ஆயிரம் பாலம் கட்டலாம். இந்தக் கரிசனம் கண்ணுக்குத் தெரிய நிற்கும் இடங்கள் நம் நாட்டில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

சுவிஸில் இருக்கும் மகள் என்னை லுசேர்ன் நகரத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அங்கும் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று, 14ஆம் நூற்றாண்டினது. 1993 ஆகஸ்டில் அதன் பெரும்பகுதி தீயில் எரிந்துபோனது. அவர்கள் கொங்கிறீட்டுக்குப் போகவில்லை. மறுவருடமே மரத்தால் கட்டித் திறந்துவிட்டார்கள்.

கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களிடம் ஒன்று கேட்கிறேன். பதுளைப் பக்கம் சுற்றுலா போகும் பிள்ளைகளைத் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கும் கூட்டிப்போகிறீர்கள். அதோடு அரை நாளை போகொடவுக்கும் ஒதுக்குங்கள். புகைப்படம் எடுத்தவுடன் பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு மரமுளையையாவது அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். தங்கள் வாரமலரில் போகொடவையும் தெருமூடிமடத்தையும் ஒரே கட்டுரையில், நல்ல படங்களோடு வெளியிடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் மறுபடியும் போகிறேன். அந்த நண்பருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.