தண்ணீர் பாட்டிலின் விசில்

சென்னை
14-10-2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் உறைக்குள் மடித்து வைத்திருந்த முட்டி எம்.ஆர்.ஐ. படத்தின் நகலும் வந்து சேர்ந்தன. சவ்வில் லேசான கிழிசல்தான், கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, நல்ல சேதி. மாடிப்படியைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடு.

விழாவில் எதைக் காட்டலாம் என்று இரண்டாம் பக்கத்தில் நீ கேட்டதற்கு வருகிறேன். ஐ.நா. இந்த ஆண்டைக் குவாண்டம் ஆண்டாக அறிவித்ததால் உன் கல்லூரியிலும் விழா. லேசர், டிரான்சிஸ்டர், அணுக் கடிகாரம் என்று பத்துப் பயன்களை அடுக்கிய பதாகை. நடுவில் வழக்கம்போல் ஷ்ரோடிங்கரின் பெட்டிக்குள் பூனை. பையன்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். போகத்தான் செய்வார்கள். பத்தையும் கழற்றிவிடு. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனின் கரு, அந்த ஒற்றைப் புரோட்டான் போதும். அதன் தற்சுழற்சியைக் காந்தப்புலத்தின் திசையில் அளந்தால் இரண்டே விடைதான் வரும்: மேல் அல்லது கீழ். இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வித்தியாசத்தை அதிர்வெண்ணாகச் சொன்னால், புலத்தின் ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ்; புரோட்டானின் காந்தம் புலத்தைச் சுற்றித் தலையாட்டும் வேகமும் அதுவே. அதைக் கேட்பதுதான் என்.எம்.ஆர்., அதாவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. கரும்பலகையில் இந்த ஒரு எண்ணை எழுது. மற்றதெல்லாம் பெருக்கல்.

உன் முட்டியைப் படம் எடுத்தது 1.5 டெஸ்லா எந்திரம் என்று ஓரத்தில் அச்சாகியிருக்கிறது, அப்படியானால் 63.9 மெகாஹெர்ட்ஸ். வேதியியல்காரர்கள் "நானூறு" என்று கூப்பிடும் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். கருவிக்குள் 9.4 டெஸ்லா. பூமியின் புலம் உங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா, அதற்கு வருவது 1,700 ஹெர்ட்ஸ். காதால் கேட்கிற சுருதி! விழாவில் அதைத்தான் கேட்க வைக்க வேண்டும் என்கிறேன்.

செய்முறையை எழுதுகிறேன், கவனமாகப் படி. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், நிறையத் தண்ணீர். துருப்பிடித்த தொட்டித் தண்ணீர் வேண்டாம், கரைந்த இரும்பு சமிக்ஞையைச் சீக்கிரம் கொன்றுவிடும். பாட்டிலின் மேல் 22 கேஜ் எனாமல் வயரை, 0.71 மி.மீ. கனம், நெருக்கமாக 600 சுற்று சுற்ற வேண்டும். 14 செ.மீ. நீளத்துக்கு மூன்று அடுக்கும் கொஞ்சமும் வரும். சுமார் 150 மீட்டர், எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் நிறுத்துத் தருவார்கள். மின்தடை ஆறரை ஓம் அளவில் இருக்கும். பைக் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்தால் 1.8 ஆம்பியர் ஓடும், பாட்டிலுக்குள் 8 மில்லிடெஸ்லா போலப் புலம் உண்டாகும். பூமியின் புலத்தைப் போல இருநூறு மடங்கு. சுவர் பிளக்கில் மாட்டும் அடாப்டரை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவராதே.

காயிலைக் கிழக்கு மேற்காகப் படுக்க வை. உங்கள் ஊரில் பூமியின் புலம் கிட்டத்தட்டக் கிடையாக வடக்கு நோக்கிப் போகிறது. காயிலும் வடக்கு தெற்காகக் கிடந்தால் நீ திரட்டும் காந்தம் பூமியின் புலத்தோடேயே படுத்துக்கொள்ளும், சுழல ஒன்றும் இருக்காது. நிமிர்த்தி நிறுத்தினாலும் வேலை செய்யும்.

எட்டு செகண்ட் மின்சாரம் கொடு. தண்ணீரின் புரோட்டான்கள் புலத்துக்கு ஒத்துப்போக எடுத்துக்கொள்ளும் காலம் இரண்டரை செகண்ட் அளவு, அதில் மூன்று மடங்கு பொறுத்தால் கிடைக்க வேண்டியதில் தொண்ணூற்றைந்து சதவீதம் சேர்ந்துவிடும். பிறகு சட்டென்று துண்டி. உன் ஆட்கள் தப்புச் செய்யப்போவது இந்த இடத்தில்தான். ரிலே முனை கருகாமல் இருக்கக் காயிலுக்குக் குறுக்கே சாதாரண டையோடு ஒன்றைப் போடுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். அதைப் போட்டால் மின்னோட்டம் 1.7 மில்லிசெகண்ட் காலமாறிலியோடு மெல்ல வடியும். பூமியின் புலத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமே 0.6 மில்லிசெகண்ட். இவ்வளவு நிதானமாகப் புலம் சாய்ந்தால் புரோட்டான்கள் அதன் பின்னாலேயே சாய்ந்து வடக்குப் பார்த்து அடங்கிவிடும், விசில் வராது. அந்த டையோடோடு தொடராக, எதிர்முகமாக, 100 வோல்ட்டில் பிடித்துக்கொள்ளும் ஜீனரைப் போடு, அல்லது இரண்டுக்கும் பதிலாக இருதிசை சர்ஜ் அடக்கும் டையோடு. காயிலின் மின்தூண்டல் 11 மில்லிஹென்றி, எனவே 0.2 மில்லிசெகண்டில் மின்னோட்டம் தீர்ந்துவிடும். வெட்டும் நொடியில் யாரும் வெறும் முனையைத் தொடக் கூடாது.

துண்டித்தபின் காயிலின் சொந்த அதிர்வு அடங்க 50, 60 மில்லிசெகண்ட் விட்டு, இரண்டாவது ரிலே வழியாக ஆம்ப்ளிஃபயரோடு இணை. குறுக்கே 0.8 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் இருந்தால் காயில் 1,700 ஹெர்ட்ஸுக்கு இசைந்துகொள்ளும். வரும் மின்னழுத்தம் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, இசைவினால் பத்துப் பதினைந்து மடங்கு ஏறும். அதை லட்சம் மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், இரண்டு செகண்ட் போலத் தேய்ந்து மறையும் ஒரு விசில்.

கட்டடத்துக்குள் முயலாதே. கூரையில் உள்ள கம்பி, இரும்பு பெஞ்ச் எல்லாம் புலத்தை இடத்துக்கு இடம் மாற்றிவிடும். பாட்டிலின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் 100 நானோடெஸ்லா வித்தியாசம் வந்தாலே சுருதி 4 ஹெர்ட்ஸ் பரந்து, கால் செகண்டுக்குள் எல்லாம் கலைந்துபோகும். மைதானத்தின் நடுவில் மர ஸ்டூல் போட்டுக்கொள். அங்கும் மின் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் விடாது. அதன் 33-ஆம், 35-ஆம் மடங்குகள் 1,650, 1,750 என்று இருபுறமும் வந்து நிற்கும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. அதே மாதிரி இன்னொரு காயிலை வெறும் பாட்டிலின்மேல் சுற்றி, எதிர்த் திசையில் தொடராக இணைத்துப் பக்கத்தில் இணையாகப் படுக்க வை. இரண்டுக்கும் பொதுவான இரைச்சல் கழிந்துவிடும். கபாசிட்டரை அப்போது பாதியாக்க வேண்டும்.

முக்கியமான சோதனை: பாட்டிலைக் காலி செய்துவிட்டு மறுபடி நடத்து. அப்போதும் விசில் கேட்டால் அது தண்ணீருடையது இல்லை, இசைத்த காயிலின் இரைச்சல். முதல் நாள் கைதட்டலில் பாதி இதற்குத்தான் விழும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு கூடுதல் பரிசு இருக்கிறது. பூமியின் புலம் கிடையாகப் போகும் காந்த நடுக்கோடு உங்கள் பக்கமாகப் போவதால்தான் கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில், அயனமண்டலத்தில், அந்தக் கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் விடியற்காலையைவிட முற்பகல் பதினொரு மணிக்குக் கிடைப்புலம் 50 முதல் 100 நானோடெஸ்லா வரை கூடும். விசிலில் அது 2 முதல் 4 ஹெர்ட்ஸ். காதுக்குத் தெரியாது. செல்போனில் பதிவுசெய்து கணினியில் அலைமாலை எடுத்தால் தெரியும். தண்ணீர் பாட்டிலை வைத்து அயனமண்டலத்தை அளக்கிறாய் என்று உன் பையன்களிடம் சொல். பூனையைத் தேட மாட்டார்கள்.

இனி நீ என்ன கேட்பாய் என்று தெரியும். "பம்பரம் தலையாட்டுகிற மாதிரிதானே, இதில் குவாண்டம் எங்கே வந்தது?" நியாயமான கேள்வி. தலையாட்டலுக்கு மட்டும் பழைய இயற்பியலே போதும். ஆனால் ஆடுவதற்கு அங்கே காந்தம் ஒன்று இருக்க வேண்டுமே. பழைய இயற்பியலின் கணக்குப்படி வெப்பச் சமநிலையில் எந்தப் பொருளுக்கும் காந்தமே கூடாது. நீல்ஸ் போரும் ஹென்ட்ரிகா வான் லீவனும் தனித்தனியாகக் கண்ட முடிவு அது. இரண்டு படிகள் இருப்பதால்தான் கீழ்ப்படியில் சற்றுக் கூடுதல் பேர் நிற்கிறார்கள். எவ்வளவு கூடுதல்? உன் முட்டியில், 1.5 டெஸ்லாவில், பத்து லட்சத்துக்கு ஐந்து. மற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நீ அனுப்பிய படம் முழுக்க அந்த ஐந்து பேர் வரைந்தது.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள். மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா சரிவுள்ள புலத்தைச் சேர்த்தால், ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் 426 ஹெர்ட்ஸ் மாறும். 4 மி.மீ. துண்டின் இரு முகங்களுக்கும் இடையே 1,700 ஹெர்ட்ஸ். மைதானத்து விசிலின் எண்ணே மறுபடி வந்தது வெறும் தற்செயல், அதற்கு அர்த்தம் தேடாதே. சவ்வும் தசைநாரும் கறுப்பாக இருக்கின்றன அல்லவா? அங்கே சமிக்ஞை சில மில்லிசெகண்டில் தேய்ந்துவிடுகிறது, கருவி காதுகொடுப்பதற்குள் அமைதியாகிவிடும். கிழிசலுக்குள் புகுந்த நீர் நிதானமாகத் தேயும், அதனால் கறுப்பின் நடுவே வெள்ளைக் கோடு. கொழுப்பும் பளிச்சென்று தெரிந்து நீரை மறைக்கும் என்பதால் அதை அடக்கிவிடுகிறார்கள். நீருக்கும் கொழுப்புக்கும் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்குதான் வித்தியாசம், உன் எந்திரத்தில் 220 ஹெர்ட்ஸ் சொச்சம். முட்டியில் உலோகத் திருகு இருந்தால் அதைச் சுற்றிப் புலமே அதைவிடக் கோணலாகிவிடும், அடக்குவது பலிக்காது. அப்போது எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டி 160 மில்லிசெகண்ட் அளவு காத்திருப்பார்கள். கொழுப்பு சரியாகப் பூஜ்ஜியத்தைக் கடக்கும் நேரம் அது.

மேல் கீழ் இரண்டே வழி என்பதைக் கண்ணால் காட்ட வேண்டுமானால் வேதியியல் துறையில் எத்தனாலின் என்.எம்.ஆர். நிறமாலை ஒன்றைக் கேட்டு வாங்கு. மீதைல் தொகுதி ஒரே கோடாக இராது, மூன்றாகப் பிரிந்து 1:2:1 என்று நிற்கும். பக்கத்துக் கரியில் இரண்டு புரோட்டான்கள்: இரண்டும் மேலே, ஒன்று மேலே ஒன்று கீழே (இது இரண்டு விதம்), இரண்டும் கீழே. எந்தச் சாய்விலும் நிற்கலாம் என்றிருந்தால் கோடுகளுக்குப் பதில் ஒரு மேடுதான் வந்திருக்கும். கோடுகளின் இடைவெளி 7 ஹெர்ட்ஸ். எந்தக் காந்தத்தில் போட்டாலும் அதே 7. பதாகையில் மாட்ட வேண்டியது இந்தத் தாள்தான். எத்தனாலில் மூன்று தொகுதிகளும் தனித்தனியாகத் தெரிவதை 1951-ல் ஸ்டான்ஃபோர்டில் கண்ட மூவரில் ஒருவர் நம் நாட்டு இயற்பியலாளர் தார்மட்டி. பிறகு பம்பாய் டாடா நிறுவனத்தில் இந்தத் துறையை வேரூன்றச் செய்தவர். அதே 1951-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், குழாயில் ஓடும் திரவத்தின் சமிக்ஞை தேங்கி நிற்பதிலிருந்து எப்படி மாறுகிறது என்று அளந்தார். இன்று ரத்த ஓட்டத்தைப் படமெடுப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் உன் விழாவில் யாராவது சொல்லட்டும்.

தாளில் கோடு தெளிவாக வேண்டுமானால் சோதிப்பவரிடம் சொல்: 5 மி.மீ. குழாயில் 0.6 மி.லி., நான்கு செ.மீ. உயரம். குறைவாக ஊற்றினால் திரவத்தின் விளிம்பே புலத்தைக் கெடுத்துக் கோடு தடித்துவிடும். குழாயைக் கழுவிய அசிட்டோன் காயாமல் இருந்தால் தாளின் அளவுகோலில் 2.17 பி.பி.எம். இடத்தில் யாரும் கூப்பிடாத கோடு ஒன்று வந்து நிற்கும்; புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு வாரம் ஓடும்.

வேளாண்மை பற்றிச் சுருக்கமாக. நிலக்கடலையை அரைக்காமல், உடைக்காமல் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்க 20 மெகாஹெர்ட்ஸ் மேசைக் கருவி இருக்கிறது. துடிப்புக் கொடுத்து 50 மைக்ரோசெகண்டில் ஒரு அளவு: எண்ணெயும் ஈரமும் சேர்ந்தது. 7 மில்லிசெகண்டில் இன்னொரு அளவு: ஈரத்தின் சமிக்ஞை மறைந்து எண்ணெய் மட்டும். கழித்தால் ஈரம். ஈரம் அதிகமான விதையில் நீர் தளர்வாகி 7 மில்லிசெகண்டிலும் நீடித்து எண்ணெயோடு சேர்ந்துகொள்ளும், அதனால் முதலில் உலர்த்த வேண்டும்.

குவாண்டம் கணினியைப் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். 2001-ல் ஐ.பி.எம். குழு ஒரு மூலக்கூறில் ஐந்து ஃப்ளூரின் கருக்களையும் இரண்டு கரி-13 கருக்களையும் ஏழு குவிட்டாக்கி (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) 15-ஐ 3, 5 என்று பிரித்தது. இதே என்.எம்.ஆர். கருவியில்தான். ஏன் அது அங்கேயே நின்றது என்பதற்கும் மேலே சொன்ன ஐந்து பேர்தான் காரணம். அறை வெப்பத்தில் ஒவ்வொரு குவிட் கூடும்போதும் பயன்படும் சமிக்ஞை ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. போன வாரம் இயற்பியல் நோபல் பெற்றவர்களின் மீக்கடத்திச் சுற்று வேறு பாதை. அந்த மூவரில் ஜான் கிளார்க், மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் ஸ்குவிட் என்ற மீக்கடத்தி உணரியை வைத்து மைக்ரோடெஸ்லா அளவுப் புலத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டியவரும்கூட. உன் பாட்டிலுக்குத் தூரத்து உறவு.

வயர் வாங்கும்போது ஒரே சுருளாக வாங்கு, நடுவில் ஒட்டுப் போட்டால் அங்கேதான் இரையும். சுற்றி முடித்ததும் மின்தடையை அளந்து எனக்கு எழுது. ஆறுக்குக் கீழே இருந்தால் எங்கோ எனாமல் உரிந்து சுற்றுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பெருக்கிச் சுற்றின் வரைபடத்தை அடுத்த தபாலில் அனுப்புகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்,
ராஜகோபால்