தமிழ்வழித் தொடக்கப்பள்ளிப் பெற்றோர், பழைய மாணவர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும், வார்டு உறுப்பினர் அவர்களுக்கும், மே மாத வெயிலையும் பாராமல், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கங்களிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளர் என்ற முறையில் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு, கடந்த கல்வியாண்டுக்கான அறிக்கையை வாசிக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேர்க்கை விழாவும் குழந்தைகள் தின விழாவும் பொங்கல் விளையாட்டுகளும் முறைப்படி நடந்தன. வயநாடு நிலச்சரிவின் காரணமாக ஓண விழாவை விட்டுவிட்டு, அதற்கென ஒதுக்கியிருந்த தொகையை முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அனுப்பினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, ஆண்டு முழுவதும் செயற்குழுவின் எல்லாக் கூட்டங்களிலும் பேசப்பட்ட ஒரே பொருளுக்குத்தான் நான் கொடுத்திருக்கிறேன்; அது பள்ளிக்கு வரவேண்டிய பணம் குறைந்துகொண்டே போவதும், அந்தக் குறையை யார் எப்படி நிரப்புவது என்பதும்.

கேரளத்தில் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பது ஜூன் மாதத்தில் ஆறாவது வேலை நாளன்று இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவாகிறது. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. கடந்த ஜூனில் நம் மூன்றாம் வகுப்பு இரண்டு டிவிஷனாக (பிரிவாக) நிற்பதற்கு இரண்டு பிள்ளைகள் போதாமல் போயின. பிள்ளைகள் இல்லாமல் இல்லை. தென்னந்தோப்பு வேலைக்காகப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் இருவரும் முதல் நாளிலிருந்தே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய ஆதாரில் இருந்த பெயரும் பிறந்த தேதியும், பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களை மாநில அரசு பதிந்துவைக்கும் கணினித் தளமான சம்பூர்ணாவில் ஏற்றிய விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால், கண்ணுக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் கணக்கில் இல்லாமல் போனார்கள். டிவிஷன் விழுந்தது, பணியிடம் போயிற்று, ஏழு ஆண்டுகளாக நம்மோடு இருந்த ஆசிரியை வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார்.

இதை ஒரு குமாஸ்தாத் தவறாக எண்ணிவிட்டுவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் கருதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் பணம் தாராளமாக இருக்கும் அரசாங்கம் இரண்டு பிள்ளைகளின் ஆதாரைத் திருத்திக்கொண்டுவர ஒரு மாதம் அவகாசம் கொடுக்கும். பணம் இல்லாத அரசாங்கம்தான் ஆறாம் நாள் மாலையோடு கணக்கை மூடிவிடும். மனு கொடுத்தோம், நேரில் போய்ப் பார்த்தோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் அன்போடுதான் பேசினார்கள், ஆனால் பதில் மாறவில்லை.

அக்டோபர் முதல், ஆசிரியப் பயிற்சி முடித்த நம் ஊர்ப் பெண் ஒருவரைச் சங்கச் செலவில் அமர்த்தினோம். அவருக்கு நாம் கொடுத்தது, தினவேதன (நாள் சம்பள) ஆசிரியருக்கு அரசு கொடுப்பதில் பாதிகூட இல்லை என்பதைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் மனம் கோணாமல் மார்ச் வரை வகுப்பை நடத்தினார். அவருக்கு நன்றி சொல்வதோடு, இப்படியொரு சம்பளத்தில் ஒருவரை வைத்ததற்காகச் சங்கத்தின் சார்பில் வருத்தமும் தெரிவிக்கிறேன்.

மதிய உணவிலும் இதே கதைதான். அரிசி தனியாக வந்துவிடுகிறது. மற்ற பொருட்செலவுக்காகத் தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு மத்திய அரசு வகுத்திருக்கும் தொகை 2024 டிசம்பரில் 6 ரூபாய் 19 காசாக இருந்தது, 2025 மே முதல் 6 ரூபாய் 78 காசானது. பருப்பு, எண்ணெய், காய்கறி, விறகோ கேஸோ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தேங்காய் விளையும் ஊரிலேயே தேங்காய் என்ன விலை விற்றது என்பதை இங்கே அமர்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மளிகைக் கடையில் தலைமையாசிரியை தம் பெயரில் எழுதிவைத்த கடனை டிசம்பரிலும் பிப்ரவரியிலும் சங்கம் ஏற்றுக்கொண்டது. பஞ்சாயத்துத் திட்ட நிதியில் கட்டி முடித்த கழிப்பறையின் பில், மார்ச் மாத டிரெஷரி (அரசுக் கருவூல) வரிசையில் நின்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. ஒப்பந்தக்காரர் நம் பழைய மாணவர் என்பதால் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகாமல் இருந்தார்.

பணம் ஏன் இல்லை என்ற கேள்வியை ஆகஸ்டு கூட்டத்தில் விரிவாகவே பேசினோம். மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் தொகையில் கேரளத்தின் பங்கு, பத்தாவது நிதிக்குழுவின் காலத்தில் 3.875 சதவீதமாக இருந்தது, பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரையில் 1.925 சதவீதமாகக் குறைந்தது. 1971 மக்கள்தொகைக் கணக்கை விட்டு 2011 கணக்கை எடுத்ததும் இதற்கு ஒரு காரணம். பிள்ளைகளைக் குறைவாகப் பெற்றுக்கொண்டதால் மாநிலத்தின் பங்கு குறைகிறது. அதே காரணத்தால் வகுப்பில் தலைகளும் குறைந்து ஆசிரியரும் போகிறார். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. இதற்கு மேல், மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவுக்கு வரவேண்டிய மத்திய நிதி, மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் கையெழுத்திடாத காரணத்தால் இந்த அறிக்கையாண்டில் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சமயத்தில் ஒரே குறையோடு இருப்பது நமக்கு அபூர்வம். தண்ணீர் விஷயத்தில்கூட அப்படி இருந்ததில்லை.

ஆகவே மாநிலம் தன் கையில் இருக்கும் வரிகளைத்தான் கூட்ட முடியும். கூட்டியும் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் என்ற கூடுதல் வரி வந்தது. கட்டட வரி அதே மாதத்தில் திருத்தப்பட்டது, ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறும்படி வைத்தார்கள். 2025 ஏப்ரல் முதல் நில வரி 50 சதவீதம் கூடியிருக்கிறது. பஞ்சாயத்துப் பகுதியில் 8.1 ஆர் (சுமார் 20 சென்ட்) வரையுள்ள நிலத்துக்கு ஆருக்கு 5 ரூபாயாக இருந்தது ஏழரை ரூபாயாகவும், அதற்கு மேற்பட்டதற்கு 8 ரூபாயாக இருந்தது 12 ரூபாயாகவும் ஆகியிருக்கின்றன. பிப்ரவரியில் இந்த அறிவிப்பு வந்தவுடன் கூடிய செயற்குழுக் கூட்டம், சங்கத்தின் வரலாற்றிலேயே அதிகச் சத்தத்தோடு நடந்த கூட்டமாக இருக்கலாம். வரியையும் கூட்டுகிறார்கள், ஆசிரியரையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், பிறகு எதற்காக நாம் கொடுக்க வேண்டும் என்று மானாவாரி விவசாயிகளான உறுப்பினர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. எனினும் ஓர் ஏக்கருக்குப் புதிய நில வரி ஆண்டுக்கு 500 ரூபாய்க்குள்தான் வருகிறது என்பதையும், அக்கரையில், அதாவது தமிழ்நாட்டுப் பக்கத்தில், இருக்கும் ஆங்கிலப் பள்ளியின் வேனுக்கு அதே உறுப்பினர்கள் சிலர் ஒரு மாதத்துக்குக் கொடுப்பது அதைவிட அதிகம் என்பதையும் நான் அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். சொன்னதற்காகச் சிலருக்கு என்மேல் மனத்தாங்கல் உண்டு.

எல்லையில் வாழ்பவர்களுக்கு வரி விஷயத்தில் ஒரு பழக்கம் உண்டு. அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் பெட்ரோல் போடாத இருசக்கர வாகனம் நம்மில் எவரிடமும் இருக்காது; செயலாளரின் வண்டியும் அதற்கு விலக்கல்ல. விலை குறைந்த பக்கம் பெட்ரோல் போகிறது, ஆங்கிலம் கிடைக்கும் பக்கம் பிள்ளைகள் போகிறார்கள், காலை உணவு கிடைக்கும் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சிலர் போகிறார்கள். இருக்கும் இடத்தைவிட்டு நகராதது வீடு மட்டுமே. அதனால்தான், எல்லைப் பகுதியில் பள்ளிக்கென ஒரு வரி போடுவதானால் அதை வீட்டின்மேல்தான் போட வேண்டும் என்ற முடிவுக்குச் செயற்குழு வந்தது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நாம் கட்டும் கட்டட வரியில் நூறு ரூபாய்க்கு 5 ரூபாய் நூலக வரி ஏற்கெனவே இருக்கிறது. நம் வாசகசாலைக்குப் புத்தகம் வருவது அப்படித்தான். தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரியோடு கல்வி வரி என்று ஒன்று வசூலாகிறது. அதன் வேர் 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம். நம் சித்தூர் தாலூகா அன்று கொச்சி ராஜ்யத்தில் இருந்ததால் அந்த வரியை நம் தாத்தாக்கள் பார்க்கவில்லை. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்திலும், குறிப்பிட்ட ஒரு திட்டத்தின் செலவுக்காக வரியின்மேல் கூடுதல் வரி விதிக்கப் பஞ்சாயத்துக்கு இடம் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் பொறுப்பு, அதைப் பஞ்சாயத்து கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கழிப்பறை, காலை உணவு, பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வேன் ஆகியவற்றை அது பார்த்துக்கொண்டால், பிள்ளைகள் அக்கரைக்குப் போகாமல் நிற்பார்கள். தலை எண்ணிக்கை நின்றால் ஆசிரியரும் நிற்பார்.

ஏற்கெனவே வருமான வரியின்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் கட்டுகிறோமே என்று ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான உறுப்பினர் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்தார். அவர் சொல்வது உண்மை. ஆனால் செஸ் என்ற பெயரில் வசூலாகும் பணம் மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகுப்பில் சேராது. அது டெல்லியின் திட்டங்கள் வழியாக, டெல்லி நினைத்தால் வரும். அந்த அனுபவத்திலிருந்துதான், பஞ்சாயத்து வசூலிக்கும் பள்ளிக் கூடுதல் வரி தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அந்தக் கணக்கு ஆண்டுக்கு இருமுறை கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையை, இந்த வரியைக் கேட்டு எழுதிய தீர்மானத்தில் சேர்த்தோம்.

நன்கொடையே போதுமே, எதற்கு வரி என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை உதாரணமாகக் காட்டினார்கள். ஊர் மக்கள் மணி, கடிகாரம், பெஞ்சு, நிலம் என்று கொடுத்தது மெய். ஆனால் அதே ஆண்டுகளில் அரசு புதுப் பள்ளிகளைத் திறந்து ஆசிரியர்களை நியமித்துக்கொண்டே இருந்தது. அரசு செய்வதன்மேல் மக்கள் கொடுத்தார்கள். நாம் இந்த ஆண்டு கொடுத்தது அரசு விட்டுப்போன பள்ளத்தை மூட. கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே சாசனம் எழுதிவைத்த மாநிலத்தில், மூன்றாம் வகுப்புக்கு உண்டியல் வைத்து ஆசிரியை அமர்த்துவது சங்கத்துக்குப் பெருமையான செய்தி அல்ல. நன்கொடை ஆளைப் பார்த்து வரும். ஐந்து குடும்பங்கள்தான் திரும்பத் திரும்பக் கொடுத்தன, அவற்றில் இரண்டு கூலிக் குடும்பங்கள். வரி என்றால் மூன்று மாடி வீடும் கட்டும்.

தீர்மானம் மார்ச் மாதத்தில் பெரும்பான்மை வாக்கால் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களின் கருத்தும் முழுமையாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. நம் வார்டு கிராம சபையில் அதை வாசித்தோம். சபை ஏற்றுக்கொண்டு பஞ்சாயத்துக் குழுவுக்கு அனுப்பியது. அங்கே அது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகும் ஆண்டில் வரி கூட்டச் சொல்லும் தீர்மானத்தை எந்தக் கட்சியும் ஆசையோடு கையில் எடுக்காது என்பது எனக்குத் தெரியும். எடுக்கும்வரை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிப்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறக்கிறது. முதல் நான்கு வகுப்புகளில் சேரும் பிள்ளைகளின் ஆதாரில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க, வரும் ஞாயிறு முதல் ஒரு வாரம் மாலை ஐந்து மணிக்கு வாசகசாலையில் இணைச் செயலாளரும் நானும் இருப்போம். தோப்புகளிலும் செங்கல் சூளைகளிலும் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி தானாகப் போய்ச் சேராது. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அவர்களை அரை நாள் விட்டு, பிள்ளைகளோடு அழைத்துவர வேண்டும். போன ஆண்டு விடுபட்ட அந்த இரண்டு பிள்ளைகளின் திருத்தம் முடிந்துவிட்டது. இருவரும் இந்த ஜூனில் நான்காம் வகுப்பு.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்